10 லட்சம் சந்தா, ஒரு நிகழ்வு: பொருத்திப் பார்க்க எந்த வழி?

பங்குச் சந்தை ஆப்பில் ஒருவர் "டிசிஎஸ் 3,500 ரூபாயைத் தாண்டினால் சொல்" என்று அலர்ட் வைக்கிறார். இன்னொருவர் "இன்ஃபோசிஸ் 1,400-க்குக் கீழே இறங்கினால் சொல்" என்கிறார். இப்படி 10 லட்சம் அலர்ட்டுகள் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காலை 9:15-க்கு என்எஸ்இயில் வர்த்தகம் தொடங்கியதும் விலைகள் கொட்ட ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு விலை மாற்றமும் ஒரு நிகழ்வு, ஒவ்வொரு அலர்ட்டும் ஒரு சந்தா. வந்த நிகழ்வு எந்தெந்தச் சந்தாக்களுக்குப் பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பப்-சப் (ஒருபக்கம் வெளியிடுபவர், மறுபக்கம் சந்தாதாரர்) அமைப்பின் கடினமான பாதி.

இந்த வேலைக்குக் கருவி தேடும் குழுக்கள் பெரும்பாலும் "நொடிக்கு எத்தனை நிகழ்வு தாங்கும்?" என்று கேட்டுத் தொடங்கி, செய்திகளைக் கடத்தும் மென்பொருள்களில் காஃப்காவா ராபிட்எம்க்யூவா என்ற வாக்குவாதத்தில் போய் நிற்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது சந்தாக்களின் வடிவத்தை என்பது என் கட்சி. அவற்றில் "இது இதற்குச் சமம்" என்ற நிபந்தனை இருக்கிறதா, அல்லது வெறும் "மேல், கீழ்" மட்டுமா? சொற்களைத் தேடுகின்றனவா? எவ்வளவு அடிக்கடி சேர்ந்து, அழிந்து, மாறுகின்றன? இவை தெரிந்தால் கருவிப் பட்டியல் தானாகவே சுருங்கும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் என்ன?

எல்லாச் சந்தாக்களையும் வரிசையாகச் சரிபார்ப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். வாடகை வீட்டு ஆப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "வேளச்சேரி, 2 பெட்ரூம், 20,000-க்குள், கார் நிறுத்த இடம்" என்ற வகையில் 10 லட்சம் சந்தாக்கள். புது விளம்பரம் நொடிக்கு ஒன்று வருகிறது. ஒரு சந்தாவில் 5 நிபந்தனைகள், ஒன்றைச் சரிபார்க்க 10 நானோநொடி என்று வைத்தால், ஒரு விளம்பரத்துக்கு 50 மில்லிநொடி ஆகும். ஒரே ஒரு சிபியு கோரின் நேரத்தில் 5 சதவீதம்தான். இதற்கு இண்டெக்ஸ் (தேடலைச் சுருக்கும் அட்டவணை), மரம், கிளஸ்டர் (பல சர்வர்களின் கூட்டம்) எதுவும் வேண்டாம். சந்தாக்களை மெமரியில் ஒரு அரேயாக வைத்து ஒரு ஃபார் லூப் போட்டால் போதும்.

பங்கு அலர்ட்டில் அதே 10 லட்சம் வேறு கதையாகிறது. 2,000 பங்குகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை விலை மாறினால் நொடிக்கு 2,000 நிகழ்வுகள். பெருக்கினால் 200 கோடி ஒப்பீடுகள். ஒவ்வொன்றும் 10 நானோநொடி என்றால் ஒரு நொடி நிகழ்வுகளை முடிக்க 20 நொடி சிபியு நேரம், அதாவது 20 கோர் முழுநேரமும் ஓட வேண்டும். ஓட வைக்க முடியாதது இல்லை. ஆனால் ஓட வைக்கத் தேவையே இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

தலைப்பு மரம்: எம்க்யூடிடி, நாட்ஸ், ராபிட்எம்க்யூ

எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கிய எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில், தலைப்புகள் (செய்திக்கு இடும் பெயர்கள்) சாய்கோட்டால் பிரிந்த படிநிலைகளாக இருக்கும்: ஆலை/3/கொதிகலன்/வெப்பம். சந்தாவில் + போட்டால் அந்தப் படியில் எது வந்தாலும் சரி. # போட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே. நாட்ஸ் என்ற செய்தி மென்பொருள், ராபிட்எம்க்யூவின் டாபிக் எக்ஸ்சேஞ்ச் (தலைப்பைப் பார்த்துச் செய்தியைப் பிரித்தனுப்பும் பகுதி) இரண்டிலும் இதே யோசனைதான். குறிகள் மட்டும் வேறு, பிரிப்பது புள்ளியால்.

இவற்றின் உள்ளே வழக்கமாக இருப்பது ட்ரை என்ற மரம். நிகழ்வின் தலைப்பு ஒவ்வொரு படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் அதிகபட்சம் இரண்டு கிளைகள்: பெயர் பொருந்தும் கிளை, + கிளை. நான்கு படித் தலைப்பு என்றால் மோசமான நிலையிலும் 16 பாதைகள்தான், அதோடு வழியில் தென்படும் # சந்தாக்கள். சந்தாக்கள் ஆயிரமா கோடியா என்பது இந்த எண்ணிக்கையை மாற்றுவதில்லை. வேகத்தில் இதை அடிக்க ஆள் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். "3,500-க்கு மேல்" என்பதைத் தலைப்பாக எழுத முடியாது. சிலர் விலையைப் பட்டைகளாக வெட்டி டிசிஎஸ்/3500-3510 என்று தலைப்பிலேயே போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் "3,500-க்கு மேல் எதுவானாலும்" என்று கேட்பவர் நூற்றுக்கணக்கான தலைப்புகளுக்குச் சந்தா எடுக்க வேண்டும். பட்டையின் ஓரத்தில் தேவையில்லாத செய்திகளும் வரும், அவற்றை வாங்குபவர்தான் கழிக்க வேண்டும். இந்த வித்தையைத் தொடங்கும் நிலை வந்தால், தவறான கருவியைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ராபிட்எம்க்யூவில் ஹெடர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று உண்டு. அதிலும் "சமம்" வகை ஒப்பீடுதான் நடக்கும், எண்களின் வரம்பு நடக்காது.

சென்சார்கள், வாகனங்கள், மைக்ரோசர்வீஸ்கள் என்று சந்தாதாரர் ஒரு இயந்திரமாக இருந்து, தனக்கு எந்த வகைச் செய்தி வேண்டும் என்பதைப் பெயராலேயே சொல்ல முடிந்தால் இந்த வழியை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கிளவுட் ஃபில்டர்கள்

அமேசானின் எஸ்என்எஸ், ஈவெண்ட்பிரிட்ஜ், கூகுளின் பப்-சப், மைக்ரோசாஃப்ட்டின் சர்வீஸ் பஸ் எல்லாவற்றிலும் ஃபில்டர் உண்டு. சிலவற்றில் எண் வரம்பும் எழுதலாம். அப்படியானால் நம் அலர்ட்டுகளை அங்கேயே போட்டுவிட்டால்? முடியாது. எஸ்என்எஸ் ஒரு தலைப்புக்கு வழக்கமாகத் தருவது 200 ஃபில்டர் கொள்கைகள். ஈவெண்ட்பிரிட்ஜில் ஒரு பஸ்ஸுக்குப் பெரும்பாலான இடங்களில் 300 விதிகள். சர்வீஸ் பஸ்ஸில் ஒரு தலைப்புக்கு 2,000 சந்தாக்கள். கேட்டால் சிலவற்றை உயர்த்தித் தருவார்கள், ஆனால் லட்சத்துக்குப் போகாது. கூகுளில் ஃபில்டர் செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்க்காது, அதோடு வரும் பண்புகளை மட்டும் பார்க்கும். சந்தாவை உருவாக்கிய பிறகு ஃபில்டரை மாற்றவும் முடியாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தச் சேவைகளில் சந்தாதாரர் என்பவர் ஒரு சர்வீஸ், ஒரு மனிதர் அல்ல. பில்லிங் சர்வீஸுக்கு இந்த வகை ஆர்டர் மட்டும் போதும் என்பது போன்ற, ஆண்டுக்கு நான்கு முறை மாறும் விதிகளுக்காக இவை எழுதப்பட்டவை. காஃப்கா இன்னும் ஒரு படி ஒதுங்கி நிற்கிறது: புரோக்கரில் (நடுவில் நின்று செய்தியைக் கடத்தும் சர்வரில்) ஃபில்டரே கிடையாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள், வேண்டாததை நீயே தள்ளு என்பதுதான் அதன் வழி. ஆனால் அதில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சொந்தமாக ஒரு இண்டெக்ஸ்

இனிதான் விஷயத்துக்கு வருகிறோம். பங்கு அலர்ட் ஒவ்வொன்றிலும் "பங்கு = டிசிஎஸ்" என்ற சம நிபந்தனை இருக்கிறது. பங்கின் பெயரைச் சாவியாக வைத்து ஒரு ஹாஷ் டேபிள் (சாவியைக் கொடுத்தால் அதற்குரியதை உடனே எடுத்துத் தரும் அமைப்பு). அதில் அந்தப் பங்குக்கான அலர்ட்டுகளின் பட்டியல். 10 லட்சத்தை 2,000 பங்குகளுக்குப் பிரித்தால் சராசரி 500. நொடிக்கு 200 கோடி ஒப்பீடு இப்போது 10 லட்சமாகிவிட்டது, அதாவது 10 மில்லிநொடி. 20 கோர் தேவைப்பட்ட வேலை ஒரு கோரின் நூறில் ஒரு பங்கில் முடிகிறது. பிரபலமான ஒரு பங்குக்கு மட்டும் 50,000 அலர்ட் குவிந்திருந்தாலும் ஒரு விலை மாற்றத்துக்கு அரை மில்லிநொடிதான்.

அதற்குள்ளும் இன்னும் சுருக்கலாம். "மேலே போனால்" அலர்ட்டுகளை விலை வாரியாக வரிசைப்படுத்தி வையுங்கள், "கீழே இறங்கினால்" அலர்ட்டுகளை இன்னொரு வரிசையில். பழைய விலை 3,498, புதிய விலை 3,512 என்றால், மேல் வரிசையில் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளவை மட்டும்தான் பொருந்தும். பெரும்பாலான விலை மாற்றங்களுக்கு நடுவில் யாருமே இருக்க மாட்டார்கள், ஒரு தேடலோடு வேலை முடிந்தது. ரெடிஸ் என்ற மெமரி டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதன் சார்ட்டட் செட்டிலேயே (ஸ்கோர்படி வரிசையாக நிற்கும் பட்டியலிலேயே) இதைச் செய்யலாம்: பங்குக்கு ஒரு செட், வரம்பு விலைதான் ஸ்கோர். ஸ்கோர் தசமங்களைத் துல்லியமாக வைக்க முடியாத ஃப்ளோட் எண்ணாகச் சேமிக்கப்படுவதால் ரூபாயாகப் போடாமல் பைசாவாக, முழு எண்ணாகப் போடுவது நல்லது.

இந்த வழியின் தலைவலிகள் அல்காரிதத்தில் இல்லை, சந்தையில் இருக்கின்றன. முந்தைய விலை என்ன என்பதை நினைவில் வைத்தாக வேண்டும். சர்வர் மறுதொடக்கம் ஆனால் அது போய்விடக் கூடாது. நேற்று முடிந்த விலைக்கும் இன்று திறக்கும் விலைக்கும் நடுவே ஒரு தாவல் இருக்கும், அதுவும் தாண்டல்தான். அப்புறம் போனஸ் பங்கு, ஸ்ப்ளிட். 1:1 போனஸ் வந்த நாளில் விலை பாதியாகும். அலர்ட் வரம்புகளையும் பாதியாக்காமல் விட்டால் அந்தப் பங்கின் "கீழே இறங்கினால்" வரிசையில் பெரும்பகுதி ஒரே நொடியில் பொய்யாக அடிக்கும். எந்தப் பொதுக் கருவியும் இதை உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளாது. சொந்தமாக எழுதுவதற்கு இது ஒரு கூடுதல் காரணம்.

நிபந்தனைகள் பெருகும்போது

"துறை = ஐடி, இன்றைய மாற்றம் -3 சதவீதத்துக்குக் கீழ், வால்யூம் 10 லட்சத்துக்கு மேல்" என்று பல நிபந்தனைகள் சேர்ந்த சந்தாக்கள் வந்தால் என்ன செய்வது? இங்கே ஆய்வாளர்கள் இரண்டு முகாம்.

ஒன்று எண்ணும் முறை. எல்லாச் சந்தாக்களின் நிபந்தனைகளையும் தனித்தனியாகப் பிரித்து இண்டெக்ஸ் செய்ய வேண்டும். நிகழ்வு வந்ததும் எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேறின என்று பார்த்து, அவை சேர்ந்த சந்தாவின் கவுண்ட்டரை ஒன்று ஏற்ற வேண்டும். மூன்று நிபந்தனைச் சந்தாவின் கவுண்ட்டர் மூன்றைத் தொட்டால் பொருத்தம். 1990-களில் ஸ்டான்ஃபோர்டில் யானும் கார்சியா-மொலினாவும் செய்தி வடிகட்டலுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 2003-ல் கார்சனிகாவும் வுல்ஃபும் நெட்வொர்க் ரூட்டர்களுக்கு ஏற்றபடி இதை மெருகேற்றினார்கள். அழகான யோசனை, எழுதவும் சுலபம். ஆனால் "வால்யூம் 10 லட்சத்துக்கு மேல்" என்பது போன்ற நிபந்தனை இதைக் கவிழ்த்துவிடும். அது 4 லட்சம் சந்தாக்களில் இருந்தால், பெரிய பங்கின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் 4 லட்சம் கவுண்ட்டர்களைத் தொட வேண்டும். அவை மெமரியில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு தொடுதலும் கேஷில் (பிராசசரை ஒட்டிய வேக மெமரியில்) இல்லாமல் 100 நானோநொடி எடுத்தால் ஒரு நிகழ்வுக்கு 40 மில்லிநொடி. வரிசையாகச் சரிபார்த்த வாடகை வீட்டுக் கணக்கே 50-தான். இவ்வளவு உழைத்து அங்கேயே வந்து நிற்கிறோம்.

இன்னொன்று, ஒவ்வொரு சந்தாவையும் அதன் மிகக் கறாரான நிபந்தனையின் கீழ் ஒரே இடத்தில் வைப்பது. அந்த நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே மீதியைப் பார்ப்போம். ஃபாப்ரே, யாகோப்சன் முதலானோர் 2001 சிக்மாட் டேட்டாபேஸ் மாநாட்டுக் கட்டுரையில் சொன்னது இதைத்தான்: பொதுவான சம நிபந்தனைகளை வைத்துச் சந்தாக்களைக் கொத்துகளாக்கி, ஒரே எண்ணிக்கை நிபந்தனை உள்ளவற்றை அடுத்தடுத்து மெமரியில் வைத்து, கேஷுக்கு முன்கூட்டியே இழுத்துக்கொள்வது. 25 ஆண்டுகளாகியும் இந்த யோசனை பழசாகவில்லை. பிராசசருக்கும் மெமரிக்கும் இடையிலான வேக இடைவெளி அன்றைக்குப் போலவே இன்றைக்கும் இருப்பதுதான் காரணம். நம் ஹாஷ் டேபிளும் இதன் எளிய வடிவம்தான்.

இவற்றுக்கு அப்பால் மர முறைகள் இருக்கின்றன. 1999-ல் ஐபிஎம்மின் கிரிஃபான் திட்டத்திலிருந்து வந்த பொருத்த மரத்தில் ஒவ்வொரு படியும் ஒரு பண்பைச் சோதிக்கும். அந்தப் பண்பைப் பற்றிக் கவலைப்படாத சந்தாக்களுக்கு ஒரு தனிக் கிளை. அப்படிப்பட்ட சந்தாக்கள் அதிகமானால் தேடல் பல பாதைகளாகப் பிரிந்து மெதுவாகும். 2011-ல் டொரண்டோவின் சடோகியும் யாகோப்சனும் வெளியிட்ட பிஇ-ட்ரீ, எந்தப் பண்பால் பிரிப்பது, அதன் மதிப்புகளை எப்படி வெட்டுவது என்பதைச் சந்தாக்கள் வந்து போகும்போதே தானே சரிசெய்துகொள்ளும். பண்புகள் நூற்றுக்கணக்கில் போய், எது கறாரானது என்று மனிதரால் முன்கூட்டிச் சொல்ல முடியாத இடம் விளம்பர உலகம். அங்கே இதற்கு மதிப்பு உண்டு. யாகூவின் விளம்பர ஒப்பந்தங்களுக்காக 2009-ல் வந்த இண்டெக்ஸ் வேலையும் அதே சூழலில் பிறந்ததுதான். ஐந்தாறு பண்புகள் உள்ள அலர்ட் ஆப்புக்கு பிஇ-ட்ரீயை எழுத உட்காருவது தேவையில்லாத வேலை.

சரி, சம நிபந்தனையே இல்லாத சந்தா வந்தால்? "எந்தப் பங்கானாலும் சரி, ஒரே நாளில் 5 சதவீதம் விழுந்தால் சொல்." இங்கே மனிதர்களின் பழக்கம் கைகொடுக்கும். யாரும் 4.73 சதவீதம் என்று வைப்பதில்லை. 3, 5, 10 என்று முழு எண்களில்தான் வைப்பார்கள். ஒரே நிபந்தனை கொண்ட சந்தாக்களை ஒன்றாக்கிவிட்டால் இரண்டு லட்சம் சந்தாக்கள் சில டஜன் நிபந்தனைகளாகச் சுருங்கும். சில டஜனைச் சரிபார்க்க எந்த இண்டெக்ஸும் வேண்டாம். கொலராடோவில் உருவான சியெனா அமைப்பு இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோனது. "100-க்கு மேல்" என்ற சந்தா "200-க்கு மேல்" என்பதை உள்ளடக்குகிறது என்பதால், ரூட்டர் அகலமானதை மட்டும் அடுத்த ரூட்டருக்குச் சொன்னால் போதும். என் பட்டியலில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிகப் பலன் தருவது இந்த ஒன்றாக்கல்தான். ஏனோ அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சொற்களைத் தேடும் சந்தாக்கள்

"நெல் கொள்முதல் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அனுப்பு" என்ற வகைச் சந்தாவுக்கு மேலே சொன்ன எதுவும் சரிவராது. இதற்கு எலாஸ்டிக்செர்ச் என்ற தேடல் மென்பொருளின் பெர்க்கலேட்டர். வழக்கமான தேடலைத் தலைகீழாக்கியது இது: கேள்விகள் இண்டெக்ஸில் இருக்கும், ஆவணம் தேடி வரும். கேள்வியைச் சேமிக்கும்போதே அதிலுள்ள சொற்களைப் பிரித்தெடுத்து இண்டெக்ஸ் செய்துவிடும். ஆவணம் வந்ததும் முதலில் வாய்ப்புள்ள கேள்விகளை மட்டும் பொறுக்கி, பிறகு அவற்றை மட்டும் முழுதாகச் சரிபார்க்கும். ஃபிளாக்ஸ் நிறுவனம் எழுதிய லுவாக் இதே வேலையைச் செய்தது. 2019-ல் 8.2 பதிப்போடு அது, எலாஸ்டிக்செர்ச்சுக்கு அடித்தளமான லூசீன் நூலகத்துக்குள்ளேயே மானிட்டர் என்ற பெயரில் வந்துவிட்டது. ஜாவாவில் எழுதுபவர்கள், எலாஸ்டிக் கிளஸ்டர் வேண்டாம் என்றால் இதை நேரடியாகப் பயன்படுத்தலாம்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் போன்ற, சொல் பிரித்தெடுக்க முடியாத கேள்விகள் ஒவ்வொரு ஆவணத்துக்கும் சரிபார்க்கப்படும். அவை நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் வேகம் போய்விடும். புதிய சந்தா உடனே அமலுக்கு வராது, இண்டெக்ஸ் புதுப்பிக்கும்வரை, வழக்கமாக ஒரு நொடி, காத்திருக்க வேண்டும். செய்திக்கு அது பொருட்டே இல்லை, பங்கு விலைக்குப் பொருட்டு. தமிழ்ச் செய்தி என்றால் "சென்னையில்", "சென்னைக்கு", "சென்னையின்" எல்லாம் "சென்னை" சந்தாவில் விழ வேண்டும். ஸ்நோபால் என்ற நூலகத்தில் தமிழுக்கு ஒரு ஸ்டெம்மர் (விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைத் தரும் கருவி) இருக்கிறது. அதை இணைக்காமல் அளந்து பார்த்துவிட்டு "பெர்க்கலேட்டர் பாதியை விட்டுவிடுகிறது" என்று முடிவு கட்டக் கூடாது.

வெறும் எண் வரம்புகளுக்குப் பெர்க்கலேட்டரைப் பயன்படுத்துவதும் நடக்கிறது. ஏற்கெனவே எலாஸ்டிக் ஓடுகிற இடத்தில், நொடிக்குச் சில நிகழ்வுகள் என்றால் தப்பில்லை. நொடிக்கு 2,000 என்றால் ஒவ்வொரு நிகழ்வையும் தற்காலிக இண்டெக்ஸாக மாற்றுவதிலேயே நேரம் போகும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: அமேசான் 2022-ல் திறந்த மூலமாக வெளியிட்ட ஈவெண்ட் ரூலர். ஈவெண்ட்பிரிட்ஜுக்குள் ஓடுவதுதான் இது. விதிகள் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோமேட்டனாக (நிகழ்வை ஒருமுறை படித்துக்கொண்டே நிலை நிலையாக நகரும் வரைபடமாக) தொகுத்துவிடுவதால், விதிகள் கூடினாலும் வேகம் பெரிதாகக் குறையாது. அதில் பணியாற்றிய டிம் பிரே பிறகு கோ மொழியில் குவாமினா என்று ஒன்றை எழுதினார். ஜேசான் வடிவ நிகழ்வுகள், சம நிபந்தனையும் முன்னொட்டும் நிறைந்த விதிகள், லட்சக்கணக்கான எண்ணிக்கை. இந்தக் கூட்டணிக்கு இதைத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன். எண் வரம்புகளும் வைல்ட்கார்டும் அதிகமானால் ஆட்டோமேட்டன் மெமரியில் வீங்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சந்தா சேர்ந்தும் அழிந்தும் வருகிற ஆப்பில் அதன் போக்கைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

பல சர்வர்களுக்குப் பிரிப்பது

சந்தாக்களைச் சமமாகப் பிரித்து ஒவ்வொரு நிகழ்வையும் எல்லா சர்வருக்கும் அனுப்பலாம். அல்லது எல்லாச் சந்தாக்களையும் எல்லா சர்வரிலும் வைத்து நிகழ்வுகளைப் பிரிக்கலாம். அல்லது இரண்டையும் ஒரே சாவியால் பிரிக்கலாம். மூன்றாவதற்குத்தான் காஃப்கா உதவுகிறது. பங்கின் பெயரைச் சாவியாகப் போட்டால் ஒரு பங்கின் நிகழ்வுகள் எல்லாம் வரிசை மாறாமல் ஒரே பார்ட்டிஷனுக்கு (காஃப்கா ஒரு தலைப்பைப் பிரிக்கும் துண்டுகளில் ஒன்றுக்கு) போகும். முந்தைய விலையை நினைவில் வைக்க வேண்டிய நமக்கு அந்த வரிசை அவசியம். சம நிபந்தனை இல்லாத சந்தாக்களை மட்டும் எல்லா சர்வரிலும் வைத்துவிடலாம், ஒன்றாக்கிய பிறகு அவை கொஞ்சம்தானே.

ஆனால் பிரிப்பதற்கு முன் மெமரிக் கணக்கைப் போடுங்கள். சந்தாவுக்கு 100 பைட் என்றால் 10 லட்சத்துக்கு 100 எம்பி. 10 கோடிக்கே 10 ஜிபிதான். பொருத்தும் வேலைக்கு ஒரு சர்வர், அது விழுந்தால் எடுத்துக்கொள்ள இன்னொன்று. பெரும்பாலான ஆப்புகளுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் சில நொடிகளில் ஒரே அலர்ட் இரண்டு முறை போகாமலிருக்க, அனுப்பும் இடத்தில் அலர்ட் எண்ணை வைத்து ஒரு சரிபார்ப்பு போதும்.

பட்ஜெட் நாளில் சந்தை சரிந்து ஒரே நிமிடத்தில் 3 லட்சம் அலர்ட்டுகள் பொருந்தினால், எந்த அல்காரிதமும் 3 லட்சத்துக்குக் குறைவான வேலையோடு முடியாது. பொருத்தம் பார்த்து முடிய ஒரு நொடி ஆகாது, அனுப்பி முடியத்தான் நேரம் ஆகும். மொபைலுக்கு அறிவிப்பு அனுப்பும் கூகுளின் எஃப்சிஎம் சேவையில், அதன் நூலகத்தின் ஒரே அழைப்பில் 500 சாதனங்கள் வரைதான். ஆகவே பொருத்தும் பகுதிக்கும் அனுப்பும் பகுதிக்கும் நடுவே ஒரு க்யூ வேண்டும். அந்த க்யூவில் குறிப்பிட்ட விலைக்கு அலர்ட் வைத்தவர்களை முன்னால் விட்டு, "5 சதவீதம் விழுந்தால்" கூட்டத்தைப் பின்னால் அனுப்புவேன். முன்னவர்கள் விற்க வாங்கக் காத்திருப்பவர்கள். பின்னவர்களுக்கு அந்தச் செய்தி டிவியிலேயே தெரிந்திருக்கும்.